ஜோசுவா லயனல் கோவன்

ஜோசுவா லயனல் கோவன் (ஆகஸ்ட் 25, 1877 - செப்டம்பர் 8, 1965) ஓர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவரும் ஆவார். லயனல் என்னும் பெயரில் மின்சார விளையாட்டுத் தொடர்வண்டிகளைத் தயாரித்த நிறுவனத்தை 1900 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் தொடங்கியவர்களுள் ஒருவர். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்க வீடுகளில் நத்தார் மரத்தின் அடியில் தொடர்வண்டி ஓடும் வழக்கம் பரவியதில் இவருடைய பங்கு பெரியது. சிறுவர் விளையாட்டுப் பொருளாகத் தொடங்கிய வண்டிகள், உண்மையான வண்டிகளின் அளவையும் தோற்றத்தையும் துல்லியமாகக் காட்டும் மாதிரி உருக்களாக மாறிய வரலாறு இவருடைய வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தது. குறிப்பாக, சரக்குப் பெட்டிகளின் அளவு எவ்வாறு இருக்க வேண்டும் என்ற கேள்வி இவருடைய நிறுவனத்தை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தொடர்ந்து வந்தது.

இளமைக் காலம்

கோவன் நியூயோர்க்கின் மான்காட்டன் பகுதியில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குடும்பப் பெயர் முதலில் கோகன் என்றே இருந்தது. அதனைப் பின்னாளில் கோவன் என்று மாற்றிக்கொண்டார். தந்தையார் தொப்பித் தயாரிப்புத் தொழில் செய்தவர். பிள்ளைகள் பலர் இருந்த வீட்டில் ஜோசுவா இளையவர்களுள் ஒருவர்.

சிறு வயதிலேயே பொருட்களைப் பிரித்துப் பார்ப்பதில் இவருக்கு ஆர்வம் இருந்தது. ஏழு வயதில் மரத்தில் செதுக்கிய ஒரு வண்டியில் சிறு நீராவி எந்திரம் ஒன்றைப் பொருத்தினார் என்றும், அது வெடித்து வீட்டுச் சுவரின் ஒட்டுத்தாளைப் பாழாக்கியது என்றும் கூறப்படுகிறது. பள்ளிக் கல்விக்குப் பின் நியூயோர்க் நகரக் கல்லூரியிலும் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தார். எனினும் பட்டம் பெறவில்லை. மின்விளக்கு நிறுவனம் ஒன்றில் பணியாற்றியபோது மின்கலங்கள், மின்னோடிகள் பற்றிய செய்முறை அறிவைப் பெற்றார்.

1899 ஆம் ஆண்டு, ஒளிப்படக் கலைஞர்கள் பயன்படுத்திய ஒளித்தூளை மின்கலத்தின் உதவியால் பற்றவைக்கும் கருவி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். இதே தத்துவத்தைக் கொண்டு, கடற்கண்ணிகளை வெடிக்கச் செய்யும் திரிகள் 24,000 தயாரித்துத் தருமாறு அமெரிக்கக் கடற்படை இவரிடம் கேட்டுக்கொண்டது. இப்பணியில் கிடைத்த பணம் சொந்தத் தொழில் தொடங்க உதவியது. 1900 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஹாரி கிராண்ட் என்னும் உடன்பணியாளருடன் சேர்ந்து நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்தார். தம்முடைய நடுப்பெயரான லயனல் என்பதையே அதற்குச் சூட்டினார்.

முதல் வண்டி ஒரு சரக்குப் பெட்டி

கோவன் தொடக்கத்தில் சிறிய மின்விசிறி ஒன்றைத் தயாரித்தார். அது போதிய காற்றைத் தரவில்லை. ஆனால் அதன் மின்னோடி நன்றாகச் சுழன்றது. கடைகளின் கண்ணாடிக் காட்சிப் பெட்டியில் ஏதேனும் ஒன்று அசைந்துகொண்டிருந்தால் வழிப்போக்கர்கள் நின்று பார்ப்பார்கள் என்று கோவன் எண்ணினார். எனவே அந்த மின்னோடியை மரத்தாலான ஒரு திறந்த சரக்குப் பெட்டியின் அடியில் பொருத்தி, இரு தண்டவாளங்கள் கொண்ட வட்டப் பாதையில் ஓடவிட்டார். 1901 ஆம் ஆண்டு மான்காட்டனில் கடை வைத்திருந்த இராபர்ட் இங்கர்சால் என்பவர் இதனை 4 டாலருக்கு வாங்கினார். பெட்டியில் விற்பனைப் பொருட்களை வைத்துச் சுற்றி வரச் செய்வதே நோக்கம். ஆனால் கடைக்கு வந்தவர்கள் உள்ளே இருந்த பொருட்களை விட்டுவிட்டு வண்டியையே விலைக்குக் கேட்டனர். கடைக்காரர் மேலும் சில வண்டிகளுக்கு ஆணை கொடுத்தார்.

எலக்ட்ரிக் எக்ஸ்பிரஸ் என்று பெயர் பெற்ற இந்த வண்டிக்கு எந்திரம் கிடையாது. சரக்குப் பெட்டியே எந்திரமாகவும் இருந்தது. அதன் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 2 7/8 அங்குலம் (73 மி.மீ.). உண்மையான எந்தப் பெட்டியின் அளவையும் கணக்கிட்டுச் சுருக்கி இது செய்யப்படவில்லை. கையில் கிடைத்த மின்னோடி உள்ளே அடங்க வேண்டும் என்பதே அளவைத் தீர்மானித்தது.

மின்சார விளையாட்டுத் தொடர்வண்டியை முதன்முதலில் செய்தவர் கோவன் என்று சில இடங்களில் கூறப்படுவது சரியன்று. சின்சினாட்டி நகரத்தின் கார்லைல் அண்ட் பிஞ்ச் நிறுவனம் 1890களிலேயே இத்தகைய வண்டிகளை விற்றது. கோவனின் தனித்திறன், அவற்றைப் பெருமளவில் தயாரித்து விளம்பரப்படுத்தியதில் இருந்தது.

ஸ்டாண்டர்ட் அகலமும் மூன்று தண்டவாளங்களும்

1906 ஆம் ஆண்டு லயனல் நிறுவனம் 2 1/8 அங்குல (54 மி.மீ.) அகலம் கொண்ட புதிய பாதையை அறிமுகப்படுத்தியது. வேறு எந்த நிறுவனமும் அப்போது இந்த அகலத்தைப் பயன்படுத்தவில்லை. ஆயினும் கோவன் இதற்கு ஸ்டாண்டர்ட் அகலம், அதாவது பொதுத்தர அகலம், என்று பெயரிட்டார். அப்பெயர் லயனலுக்கு உரியதாக இருந்ததால், பின்னர் அதே அகலத்தில் வண்டிகள் செய்த போட்டி நிறுவனங்கள் தங்கள் பாதையை அகலப் பாதை என்று வேறு பெயரால் அழைக்க நேர்ந்தது.

இப்பாதையில் மூன்று தண்டவாளங்கள் இருந்தன. நடுத் தண்டவாளம் மின்சாரத்தைக் கொண்டுவந்தது. வெளிப்புறத் தண்டவாளங்கள் இரண்டும் அதைத் திரும்பக் கொண்டுசென்றன. இரு தண்டவாளங்கள் மட்டும் உள்ள பாதையில், வண்டி ஒரு வளையத்தைச் சுற்றித் தன் பாதைக்கே எதிர்த்திசையில் திரும்புமாறு அமைத்தால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிடும். மூன்று தண்டவாள முறையில் இச்சிக்கல் இல்லை. சிறுவன் ஒருவன் எப்படி வேண்டுமானாலும் பாதையை வளைத்து இணைக்கலாம். ஆனால் உண்மையான இருப்புப்பாதைகளில் நடுத் தண்டவாளம் இல்லாததால், தோற்றத்தில் ஏற்பட்ட குறை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இவ்வாறு வசதிக்கும் மெய்த்தோற்றத்திற்கும் இடையே கோவன் செய்த முதற்பெரும் தேர்வு வசதியாகவே இருந்தது.

1915 ஆம் ஆண்டு 1 1/4 அங்குல (32 மி.மீ.) அகலம் கொண்ட ஓ அகல வண்டிகளும் வெளிவந்தன. இவை விலை குறைந்தவை. சிறிய அறைகளுக்கும் ஏற்றவை. நியூசெர்சி மாநிலத்தின் இர்விங்டனில் பெரிய தொழிற்சாலை அமைந்தது. இத்தாலியிலிருந்து குடியேறிய மாரியோ கருசோ என்பவர் தொழிற்சாலையை நடத்தினார். பிற்காலத்தில் நேப்பிள்ஸ் நகரில் இருந்த பட்டறை ஒன்றும் லயனலுக்கான அச்சுக்களைச் செய்து தந்தது.

1920களில் வெளிவந்த ஸ்டாண்டர்ட் அகலச் சரக்குப் பெட்டிகள் தகரத்தாலும் எஃகுத் தகட்டாலும் ஆனவை. பித்தளைத் தகடுகளும் பளபளக்கும் எனாமல் வண்ணமும் கொண்டவை. உண்மையான சரக்குப் பெட்டிகள் பெரும்பாலும் பழுப்பும் செம்மண் நிறமுமாக அழுக்கேறி இருக்கும். லயனலின் பெட்டிகளோ பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு என ஒளிர்ந்தன. சிறுவர்களின் கண்ணையும் அவர்களுடைய தாய்மார்களின் கண்ணையும் கவர்வதே கோவனின் எண்ணமாக இருந்தது.

பொருளாதாரப் பெருமந்தம்

1928 ஆம் ஆண்டு ஐவ்சு என்னும் பழைய விளையாட்டுப் பொருள் நிறுவனம் நொடித்தது. லயனலும் அமெரிக்கன் பிளையர் நிறுவனமும் சேர்ந்து அதனை வாங்கின. அடுத்து வந்த பெருமந்தத்தில் லயனலே தள்ளாடியது. விலையுயர்ந்த ஸ்டாண்டர்ட் அகல வண்டிகளை வாங்குவோர் குறைந்தனர். 1934 ஆம் ஆண்டு நிறுவனம் நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் வந்தது.

அதே ஆண்டு மிக்கி மவுசும் மின்னி மவுசும் கைப்பிடியை மாறி மாறி அழுத்தும் சாவி கொடுத்த சிறு தள்ளுவண்டி ஒன்று 1 டாலர் விலையில் வெளிவந்தது. இதுவே லயனலைக் காப்பாற்றியது என்று பரவலாக நம்பப்படுகிறது. இந்த வண்டி பெருமளவில் விற்றது உண்மை. எனினும் அதே ஆண்டு வெளிவந்த, யூனியன் பசிபிக் நிறுவனத்தின் புதிய காற்றுத்தடை குறைந்த விரைவு வண்டியைப் பின்பற்றிய மாதிரியே கூடுதல் வருவாய் தந்திருக்கும் என்பது வரலாற்று எழுத்தாளர்களின் கருத்து. 1935 ஆம் ஆண்டு நிறுவனம் மேற்பார்வையிலிருந்து விடுபட்டது.

இந்த விரைவு வண்டியின் வெற்றி கோவனுக்கு ஒரு செய்தியை உணர்த்தியது. நாளிதழில் பார்த்த வண்டியையே மக்கள் வீட்டிலும் ஓடவிட விரும்பினர். கற்பனை வண்ணங்களின் காலம் முடிந்து, உண்மையைப் போன்ற வண்டிகளின் காலம் தொடங்கியது. ஸ்டாண்டர்ட் அகல வண்டிகள் 1930களின் இறுதியில் தயாரிப்பிலிருந்து நீங்கின.

அளவுத்திட்ட வண்டிகள்

1937 ஆம் ஆண்டு லயனல் வெளியிட்ட 700இ என்னும் எந்திரம், நியூயோர்க் சென்ட்ரல் இருப்புப்பாதையின் ஹட்சன் வகை நீராவி எந்திரத்தின் மாதிரி ஆகும். உண்மையான ஓர் அடியைக் கால் அங்குலமாகக் கொண்ட 1:48 அளவுத்திட்டத்தில், எந்திரத்தின் வரைபடங்களைப் பின்பற்றி இது வார்க்கப்பட்டது. ஆணித் தலைகளும் குழாய்களும் கூட இதில் காட்டப்பட்டன. விலை 75 டாலர். அக்காலத்தில் பல தொழிலாளர்களுக்கு இது பல வாரக் கூலி. இந்த எந்திரம் வழக்கமான வட்டப்பாதையில் திரும்பாது. அதற்கென 72 அங்குல விட்டம் கொண்ட வளைவுப் பாதை தேவைப்பட்டது.

எந்திரம் சரியான அளவில் வந்தபின் அதன் பின்னால் பூட்டுவதற்கு ஏற்ற சரக்குப் பெட்டிகள் இல்லை என்ற குறை எழுந்தது. பழைய தகரப் பெட்டிகள் அதன் அருகில் குறுகிக் காணப்பட்டன. எனவே 1940 ஆம் ஆண்டு நான்கு சரக்குப் பெட்டிகள் 1:48 அளவுத்திட்டத்தில் வெளிவந்தன. அவை:

- மூடிய சரக்குப் பெட்டி
- எண்ணெய் டேங்கர்
- அடியில் திறக்கும் நிலக்கரிப் பெட்டி
- கார்டு பெட்டி

இதற்கிடையில் 1938 ஆம் ஆண்டு, ஓர் அடியை 4 மி.மீ. ஆகச் சுருக்கும் ஓஓ அளவிலும் (1:76) ஹட்சன் எந்திரமும் இதே நான்கு வகைப் பெட்டிகளும் வெளியிடப்பட்டன. இவற்றுள் இரு தண்டவாளப் பாதையில் ஓடும் வகையும் இருந்தது. நடுத் தண்டவாளத்தை விரும்பாத வளர்ந்த ஆர்வலர்களை நோக்கி கோவன் எடுத்து வைத்த அடி இது.

1942 ஆம் ஆண்டு போர்த் தேவைக்காக உலோக விளையாட்டுப் பொருட்களின் தயாரிப்பை அமெரிக்க அரசு நிறுத்தியது. லயனல் தொழிற்சாலை கப்பல்களுக்கான திசைகாட்டிகளையும் பிற கருவிகளையும் செய்தது. 1943 ஆம் ஆண்டு வெட்டி ஒட்டும் காகிதத் தொடர்வண்டி ஒன்று மட்டும் விற்கப்பட்டது. போருக்குப் பின் ஓஓ வண்டிகள் மீண்டும் தயாரிக்கப்படவில்லை. 1:48 சரக்குப் பெட்டி வரிசையும் முழுமையாகத் திரும்பி வரவில்லை.

அளவுச் சிக்கல்

சரக்குப் பெட்டிகளைச் சரியான அளவில் செய்வது ஏன் கடினமாக இருந்தது என்பதைச் சில கணக்குகளால் அறியலாம்.

அமெரிக்காவில் ஓடிய வழக்கமான மூடிய சரக்குப் பெட்டி 40 அடி நீளம் உடையது. 1:48 அளவுத்திட்டத்தில் இது 10 அங்குலம் ஆகும். லயனலின் சாதாரண ஓ அகல வட்டப்பாதையின் விட்டம் 31 அங்குலம். விலை குறைந்த ஓ27 வகையில் 27 அங்குலம் மட்டுமே. 31 அங்குல வட்டத்தை 48 மடங்கு பெருக்கினால் அதன் ஆரம் 62 அடி வரும். உண்மையான முதன்மைப் பாதைகளில் வளைவின் ஆரம் பல நூறு அடிக்கும் மேற்பட்டது. எனவே முழு அளவுப் பெட்டிகள் இத்தகைய இறுக்கமான வளைவில் செல்லும்போது அவற்றின் முனைகள் பாதைக்கு வெளியே நீண்டு, அருகிலுள்ள சைகைக் கம்பங்களில் இடிக்கும். தோற்றமும் கெடும். பெட்டியைக் குறுக்கினால் இந்தக் குறை மறையும்.

பாதையின் அகலத்திலும் பிழை இருந்தது. உண்மையான பாதையின் அகலம் 4 அடி 8 1/2 அங்குலம். இதனை 48 ஆல் வகுத்தால் 1.18 அங்குலம் வரும். ஓ அகலமோ 1.25 அங்குலம். அதாவது பாதை மட்டும் 5 அடி அகலத்திற்குச் சமமாகிவிடுகிறது. இதனுடன் பெரிய இணைப்புக் கொக்கிகளும், வண்டி தடம் புரளாமல் இருக்க ஆழமாக அமைக்கப்பட்ட சக்கர விளிம்புகளும் சேர்ந்துகொண்டன.

சிறுவர் அறையின் பரப்பும் தந்தையின் பணப்பையும் ஒருபுறம், அளவுகோலைக் கையில் வைத்திருந்த ஆர்வலர் மறுபுறம் என்ற நிலையில், போருக்குப் பின் கோவனின் நிறுவனம் சிறுவர் அறையின் பக்கமே நின்றது.

போருக்குப் பிந்தைய பொற்காலம்

போர் முடிந்தபின் மகன் லாரன்ஸ் நிறுவனத்தின் தலைவரானார். தந்தை நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்தார். லாரன்ஸ் 1907 ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதில் அவருடைய முகமே லயனல் விளம்பரங்களில் மகிழ்ச்சியான சிறுவனாக இடம்பெற்றது.

1945 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த வண்டித் தொகுதியில், உண்மையான சரக்குப் பெட்டிகளில் உள்ளதைப் போன்று விரல் மடக்கிப் பிடிக்கும் வகைக் கொக்கி பொருத்தப்பட்டது. 1946 முதல் எந்திரங்கள் புகை விட்டன. சரக்குப் பெட்டிகளின் உடல் படிப்படியாகப் பிளாஸ்டிக்கிற்கு மாறியது. தகரத்தில் அச்சிட்ட கோடுகளுக்குப் பதிலாகப் பலகை இடைவெளி, ஆணித் தலை, ஏணிப்படி ஆகியவற்றைப் புடைப்பாக வார்க்க முடிந்தது. அளவு குறைந்தபோதும் நுணுக்கம் கூடியது.

1947 ஆம் ஆண்டு வெளிவந்த பால் வண்டி லயனலின் புகழ்பெற்ற சரக்குப் பெட்டிகளுள் ஒன்று. பொத்தானை அழுத்தியதும் கதவு திறந்து, வெள்ளுடை அணிந்த சிறு மனிதன் பால் பாத்திரங்களை ஒவ்வொன்றாக மேடையில் தள்ளுவான். உள்ளே இருந்த மின்காந்தம் இதனை இயக்கியது. உண்மையான குளிர்காப்புப் பெட்டியோடு ஒப்பிட்டால் இது மிகவும் குட்டையானது. ஆயினும் மிகுந்த விருப்பத்தைப் பெற்றது. பெட்டியின் அளவைவிட அது செய்யும் வேலையே சிறுவனுக்கு மெய்யாகத் தோன்றும் என்ற கோவனின் நம்பிக்கைக்கு இது சான்றானது. நிலக்கரி கொட்டும் பெட்டி, மரக்கட்டை உருட்டும் பெட்டி, மாடுகள் ஏறி இறங்கும் பெட்டி ஆகியவையும் இவ்வழியில் வந்தவை.

1953 ஆம் ஆண்டு 6464 என்னும் எண் கொண்ட மூடிய சரக்குப் பெட்டி வரிசை தொடங்கியது. வெஸ்டர்ன் பசிபிக், கிரேட் நார்தர்ன், ராக் ஐலண்ட் முதலிய உண்மையான இருப்புப்பாதை நிறுவனங்களின் சின்னங்களையும் வண்ணங்களையும் இவை தாங்கின. முழு அளவைவிடச் சற்றே சிறியவையாயினும், சாதாரண வட்டப்பாதையில் தடையின்றி ஓடின. மெய்த்தோற்றமும் வசதியும் ஓரளவு சமரசம் கண்ட வண்டி என இதனைக் கூறலாம். லயனல் நிறுவனத்தின் விற்பனை இந்தக் காலத்தில் உச்சத்தைத் தொட்டது.

போட்டியும் வீழ்ச்சியும்

ஏ. சி. கில்பர்ட் 1938 ஆம் ஆண்டு அமெரிக்கன் பிளையர் நிறுவனத்தை வாங்கியிருந்தார். 1946 முதல் அவர் 1:64 அளவுத்திட்டத்தில் எஸ் அகல வண்டிகளை இரு தண்டவாளப் பாதையில் வெளியிட்டார். எந்திரமும் பெட்டியும் பாதையும் ஒரே விகிதத்தில் இருந்ததைச் சுட்டிக்காட்டி, மூன்று தண்டவாள வண்டிகள் உண்மையற்றவை என விளம்பரம் செய்தார். விற்பனையில் லயனலே முன்னின்றது. ஆனால் கில்பர்ட்டின் வாதத்திற்குக் கோவனிடம் நேரான விடை இல்லை.

உண்மையான அடி வேறிடத்திலிருந்து விழுந்தது. 1:87 அளவுத்திட்டம் கொண்ட எச்ஓ வண்டிகள் 1950களில் வேகமாகப் பரவின. 40 அடிப் பெட்டி இதில் 5 1/2 அங்குலம் மட்டுமே. ஒரே மேசையில் நீண்ட சரக்கு வண்டியை முழு விகிதத்துடன் ஓடவிட முடிந்தது. விலையும் குறைவு. தொலைக்காட்சியும் வானூர்தியும் விண்கலமும் சிறுவர்களின் மனத்தை ஈர்த்தன. உண்மையான இருப்புப்பாதைகளே அமெரிக்காவில் நலிந்துகொண்டிருந்தன.

1957 ஆம் ஆண்டு சிறுமியரை எண்ணி இளஞ்சிவப்பு எந்திரமும் மென்னிறச் சரக்குப் பெட்டிகளும் கொண்ட தொகுதியை லயனல் வெளியிட்டது. இது விற்கவில்லை. தொடர்வண்டியை விரும்பிய சிறுமியரும் உண்மையான நிறத்தையே விரும்பினர் என்பது இத்தோல்விக்குக் கூறப்படும் காரணம். 1920களில் வெற்றி தந்த கற்பனை நிறங்கள் முப்பது ஆண்டுகளுக்குப் பின் எடுபடவில்லை. அதே ஆண்டு, ரிவரோசி என்னும் இத்தாலிய நிறுவனம் செய்து தந்த எச்ஓ வண்டிகளையும் லயனல் விற்கத் தொடங்கியது. அது காலம் கடந்த முயற்சியாக முடிந்தது. 1958 ஆம் ஆண்டு நிறுவனம் நட்டம் கண்டது.

1959 ஆம் ஆண்டு கோவன் தம் பங்குகளை, தம் உறவினரும் வழக்கறிஞருமான ராய் கோன் தலைமையிலான குழுவிற்கு விற்றார். 59 ஆண்டுகள் தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்தோடு இருந்த தொடர்பு இத்துடன் முடிந்தது.

மறைவும் தாக்கமும்

கோவன் 1904 ஆம் ஆண்டு சிசிலியா லிபர்மன் என்பவரை மணந்தார். லாரன்ஸ், இசபெல் என இரு பிள்ளைகள். சிசிலியா 1946 ஆம் ஆண்டு காலமானார். பின்னர் கோவன் மறுமணம் செய்துகொண்டார். செப்டம்பர் 8, 1965 அன்று புளோரிடாவின் பாம் பீச் நகரில் தமது 88 ஆம் வயதில் காலமானார்.

1969 ஆம் ஆண்டு தொடர்வண்டித் தயாரிப்பு உரிமை ஜெனரல் மில்ஸ் நிறுவனத்திற்குச் சென்றது. அதன்பின் பல கைகள் மாறியபோதும் லயனல் என்னும் பெயர் அழியவில்லை. 2006 ஆம் ஆண்டு லயனல் தொடர்வண்டிகள் அமெரிக்காவின் தேசிய விளையாட்டுப் பொருள் புகழவையில் சேர்க்கப்பட்டன.

விற்காமல் கிடந்த இளஞ்சிவப்புத் தொகுதி சேகரிப்பாளர்களிடையே அரும்பொருளாக மதிக்கப்படுகிறது. 6464 பெட்டிகளின் வண்ண வேறுபாடுகளைத் தேடிச் சேகரிப்பது தனியொரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. 1940 இல் கோவன் தொடங்கி, போரால் கைவிட்ட முழு அளவுச் சரக்குப் பெட்டிகளை லயனல் என்னும் அதே வணிகப் பெயரில் பிற்காலத்தவர் மீண்டும் தயாரித்தனர். மூன்று தண்டவாளங்கள் மட்டும் இன்றும் மாறவில்லை.